சக்கரம் வெச்ச ஊடு

ஹாரன் அடிச்சா மட்டும் வண்டி நகந்துருமுங்களா தம்பி? நானும் வண்டியிலயே பொழச்சவன்தான். காரை விட்டு எறங்கி இவ்வளவு வெசையா ஏறி வந்திருக்கீங்க, திட்டறதுக்குன்னேதான் வந்திருக்கீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. திட்டுங்க. உங்களுக்கு முன்னால ஒரு தக்காளி வண்டிக்காரரு வந்து திட்டிட்டுப் போனாரு. அதுக்கு முன்னால கல்யாண வேன் ஒண்ணு, அதுல இருந்தவிய அத்தனை பேரும் எறங்கி வந்தாங்க. பொம்பளைங்க பட்டுச்சேலைய ஒரு கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கைய நீட்டி நீட்டித் திட்டறாங்க. கெரகம், வாங்கித்தான் ஆகோணும். கிரேன் கெளம்பிருச்சாமா, கீழ இருந்து வருது. சித்த அந்தக் கல்லு மேல உக்காருங்க.

இங்க பாருங்க, என்ன நடந்துச்சுன்னு நீங்களே பாருங்க. லாரி வளைவைத் தாண்டி மேல போயிருச்சு. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. பொறகால நான் இழுத்துட்டு வந்தேன் பாருங்க, இந்த ஊடு, இதோட வாலுதான் போயித் தடுப்புச் சுவத்துல சொருகிக்கிச்சு. முன்னால எடுத்தா செவுரு இடியுது. பின்னால எடுத்தா பள்ளம். இந்த மலைப்பாதையில எழுவது வளைவு இருக்குதுங்க, மூணாவதுலயே நிக்கறேன். ரோட்டை இவ்வளவு குறுகலாப் போட்டுட்டு, வண்டி பெருசுங்கறாங்க.

டிரெய்லர்னு சொல்லாதீங்க தம்பி. உங்களக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். காலையில இருந்து டிரெய்லரு டிரெய்லருன்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. உள்ள வந்து பாருங்க, கட்டில் இருக்குது, பீரோ இருக்குது, சாமி மாடம் இருக்குது, கிரைண்டர் இருக்குது. டிரெய்லர்ல கிரைண்டர் இருக்குமுங்களா? ஊடுங்க இது. பால் காய்ச்சித்தான் குடி பூந்தோம்.

என்ற பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுப் பக்கம். எங்கூர்ல யாரைக் கேட்டாலும் ரிக் வண்டி அர்த்தநாரின்னா சொல்லுவாங்க. போர் போடற வண்டிங்க. இந்தியாவுல எந்த மூலையில தண்ணிக்குத் துளை போட்டாலும் அங்க எங்க ஊர்க்காரன் ஒருத்தன் நின்னுட்டிருப்பான். நான் மத்தியப்பிரதேசம், சத்தீஸ்கர், ஒரிசான்னு அலைஞ்சேன். துளை போடற வண்டி ஒண்ணு, குழாயும் டீசலும் சாமானும் ஏத்திக்க இந்த லாரி ஒண்ணு. தூங்கறது இந்த லாரிக்கு அடியில. குளிக்கறது நாங்க போட்ட போர்த் தண்ணியில. மழைக்காலத்துக்கு மட்டும் ஊருக்கு வருவேன். வந்தா கறி எடுப்பாங்க, நாலு எடத்துக்கு விருந்துக்குப் போவோம், ஆடி முடிஞ்சு ஆவணி தாண்டுனா மறுபடியும் கெளம்பிருவேன். முப்பது வருசம் இப்படியே ஓடிப் போச்சு.

என்ற ஊட்டுக்காரி பேரு சம்பூரணம். புள்ளைங்களப் படிக்க வெச்சது, எங்கம்மாவைக் கடைசி வரைக்கும் பாத்தது, காடு கரையப் பாத்தது, எல்லாம் அவதான். நான் கெளம்பறப்பல்லாம் வாசல்ல நின்னுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொல்லுவா. "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்க"ன்னு. லாரியில பொம்பளைய எப்படிக் கூட்டிட்டுப் போறது? அடுத்த வருசம் பாக்கலாம்பேன். அவளும் சரிம்பா.

போன வருசம் ரிக்கை வித்துப்போட்டு ஊட்டோட வந்துட்டேன். இந்த லாரிய மட்டும் விக்க மனசு வரல. தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, ஊட்டுக்கு வந்தா எனக்கு அங்க எடமே இல்லீங்க. கட்டில்ல படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது. அவ காலையில எந்திரிக்கறா, ஒரு வேலை முடிஞ்சு இன்னொரு வேலைக்குப் போறா, சாயங்காலமானா டிவி பாக்கறா, பக்கத்து ஊட்டுப் பொம்பளைங்க வாராங்க, பேசறாங்க. நான் உள்ள போனா பேச்சு நின்னு போயிருது. "சாப்படறீங்களா"ன்னு கேக்கறா. "காப்பி வேணுங்களா"ன்னு கேக்கறா. வந்த ஆளைக் கேக்கற மாதிரியே கேக்கறா. என்ற ஊட்டுலயே நான் விருந்துக்கு வந்த ஒறம்பரைங்க. அப்பத்தான் முடிவு பண்ணுனேன், இவளைக் கூட்டிட்டுப் போயிரோணும். காசி, ஹரித்துவார், அப்படியே நான் போர் போட்ட ஊரெல்லாம் காட்டிட்டு வரோணும். நானும் அவளும் மட்டும். வேற யாரும் வேண்டாம்.

இந்த மாதிரி ஊட்டை நான் ஜபல்பூர்ப் பக்கம் ஒரு தாபாவுல பாத்திருக்கறேன். வெள்ளைக்காரரு ஒருத்தரு, அவரு சம்சாரம். நம்ம ஊர்ல அந்த மாதிரி பிக்கப்பே கெடையாது, அவ்வளவு பெருசு. அதுக்குப் பொறகால ஒரு ஊட்டைக் கொக்கி போட்டு மாட்டியிருந்தாங்க. அந்தம்மா நாற்காலியில காலை நீட்டி உக்காந்து புஸ்தகம் படிச்சிட்டிருந்துச்சு. அந்தாளு சட்டியில முட்டைய ஒடச்சு ஊத்திட்டிருந்தாரு. நான் அதையெல்லாம் பாக்கல, ஊட்டைத்தான் சுத்திச் சுத்திப் பாத்தேன். அதுல ஒரு கொறை, அடுப்படி நொம்பச் சின்னது. ஒரு பொம்பள நின்னு திரும்ப முடியாது. நாம கட்டுனா அந்தத் தப்பைப் பண்ணக் கூடாதுன்னு அன்னைக்கே நெனச்சுக்கிட்டேன்.

அதனால அடுப்படியில மட்டும் நான் கஞ்சத்தனமே பண்ணலீங்க. மூணு அடுப்பு. மிக்ஸி தனி, கிரைண்டர் தனி. அம்மிக்கல்லு கூட வெச்சிருக்கறேன், சட்னி அதுல அரைச்சாத்தான் எனக்கு எறங்கும். ஃப்ரிட்ஜு பெருசு. பாத்திரம் கழுவ ரெண்டு தொட்டி. லாரியில அலைஞ்ச காலத்துல ஊட்டுச் சோத்துக்கு நான் ஏங்குன ஏக்கம் எனக்குத்தான் தெரியும். இனி எந்த ஊருக்குப் போனாலும் அவ கைச்சோறு. அவகிட்ட கொண்டு போயிக் காட்டுனேன். "பாரு புள்ள, உனக்குத்தான்"னேன். அவ எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தா. ஒரு வார்த்தை பேசலீங்க. அவ்வளவு சந்தோசம்.

சரி, ரோதனை எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். கட்டும்போது எட்டடி அகலம்தான். அப்படித்தான் பதிவும் பண்ணுனோம். அப்புறம் எங்கூரு மேஸ்திரி வந்து பாத்தாரு. ஊடு கட்டறதுல அவரு சொன்னா சொன்னதுதான். டேப்பைப் புடிச்சு உள்ளளவு எடுத்துட்டு ஒதட்டைப் பிதுக்குனாரு. "அடுப்பு மேடை போட்டது போக ஏழடிதான் வருது. மனையடிக்கு ஏழு ஆகாது. எட்டு ஆகும், ஆனா பொழங்க எடம் காணாது. ஒம்போதும் ஆகாது. பத்து இருந்தா ஆகும்"னாரு. ஆகாதுன்னு தெரிஞ்ச பொறகு அதுல ஒரு பொம்பளையக் குடி வெக்க முடியுமுங்களா? ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டுனேன். இதுல என்ன தப்பு? நம்ம ஊர்ல யாரு பிளான்ல இருக்கற மாதிரியே ஊடு கட்டறாங்க? பிளான் பாஸ் பண்ணிட்டு அப்புறமா ஒரு ரூமு, ஒரு சிட்டவுட்டு இழுத்துக் கட்டறதில்லீங்களா? உங்க ஊட்டுல கட்டலையா? கட்டியிருக்கீங்க, பாத்தீங்களா.

அப்புறம் அக்கினி மூலை. அடுப்பு தென்கெழக்குல இருக்கோணும், அது உங்களுக்கே தெரியும். லாரி வடக்கே பாத்து நிக்கறப்ப அடுப்பு சரியா அக்கினி மூலைக்கு வர்ற மாதிரி மேஸ்திரி வெச்சுக் குடுத்துட்டாரு. வண்டிப் பூசையும் போட்டோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துனோம். கிரகப்பிரவேசமும் பண்ணுனோம், பால் பொங்கி வழிஞ்சுது. கதவு நம்பர் கேட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். சக்கரம் இருக்குது, இது வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கன்னாங்க. அங்க போனா, பதிவு பண்ணுன அளவுல இல்லையே, இடிச்சுட்டு வாங்கங்கறாங்க. பால் காய்ச்சுன ஊட்டை இடிக்கறதா! வந்த கோவத்துக்கு அளவே இல்ல. இடிக்கலீங்க, அப்படியே வந்துட்டேன்.

காசிக்குப் போறதுக்கு முன்னால ஒரு வெள்ளோட்டம் பாத்துரலாம்னுதான் இன்னைக்குக் கொல்லிமலை. மேல அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துல நிறுத்திப்போட்டு, ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம். அது சரியா வந்துச்சுன்னா அவ காசிக்கும் வருவா. வரோணும். அதுக்காகத்தானுங்க இவ்வளவும்.

காலையில கெளம்புனோம். நான் முன்னால லாரியில. அவ பொறகால ஊட்டுல.

ஏன், லாரியில பக்கத்து சீட்டு என்னாச்சுன்னு கேக்கறீங்களா? அதுல இன்வெர்ட்டர் பேட்டரி இருக்குதுங்க. ஃப்ரிட்ஜுக்குக் கரண்டு வேணுமில்ல. அதுவுமில்லாம, அவ முன்னால சும்மா உக்காந்துட்டு வந்தா எறங்குன பொறகுதான் சமைக்கத் தொடங்கோணும். உள்ளயே இருந்தா நாம போய்ச் சேரறதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கும். ரோசனை பண்ணித்தான் செஞ்சேன்.

ஒரே ஒரு சங்கடம். ரோடு வளைய வளைய அக்கினி மூலையும் மாறுது. அடுப்பு கன்னி மூலைக்குப் போயிட்டா நெருப்பு எரியக் கூடாது, அது சாமி மூலை. அதனால நான் போன்ல சொல்லிக்கிட்டே வந்தேன். "இப்ப வடக்கே பாத்துப் போறோம், பத்த வை." அப்புறம் ரோடு கெழக்கே திரும்பும். "அணை, அணை." மறுபடியும் திரும்பும். "ம், பத்த வை." நாமக்கல்லைத் தாண்டுனதுல இருந்து சேந்தமங்கலம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ரோடு நெளிஞ்சு நெளிஞ்சு போகுது, நானும் சளைக்காம சொல்லிட்டே வந்தேன். இட்லி மூணு தடவை பாதியில நின்னுச்சாமா. சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிக்கறீங்க, அவ ஒரு வார்த்தை கொறை சொல்லல தெரியுங்களா? "சரிங்க"ன்னா. "சரிங்க"ன்னா. அப்புறம் அதுவும் சொல்லல, போனை எடுக்கறா, கேக்கறா, வெச்சுடறா. அப்படிப்பட்ட பொம்பள.

மலையடிவாரத்துக்கு வந்தோம். காரவள்ளி. சாப்படலாம்னு வண்டிய வடக்கே பாத்து நிறுத்துனேன். அங்கதான் புடிச்சுது சனி. ஆர்.டி.ஓ. ஆபீசு பிரேக் இன்ஸ்பெக்டர். நான் ஆம்பளையா இருக்கும்னு பாத்தேன், ஜீப்புல இருந்து எறங்குனது ஒரு பொண்ணு. என்ற மக வயசுதான் இருக்கும்.

"ஐயா, வண்டிய ஏன் ரோட்டுக்குக் குறுக்க நிறுத்தியிருக்கீங்க?"ன்னுச்சு.

"வடக்கு அப்படித்தானுங்க இருக்குது"ன்னேன்.

அது என்னைய ஒரு மாதிரியாப் பாத்துச்சு. டேப்பை எடுத்து அளந்துச்சு. "பதிவு பண்ணுன அகலம் வேற, இது வேற. இவ்வளவு அகலத்துக்குச் சட்டத்துல எடமே இல்லீங்க ஐயா"ன்னுச்சு. மனையடி சாஸ்திரத்துல எடமிருக்குதுன்னேன். "அது வீட்டுக்கு"ன்னுச்சு. "ஊடுதானுங்க இது"ன்னேன். அது மறுபடியும் டேப்பைப் புடிச்சு அளக்கப் போச்சு.

அந்நேரம் பாத்து உள்ள ஒரு பாத்திரம் கீழ விழுந்துச்சு.

"உள்ள யாரு?"

"என்ற ஊட்டுக்காரிங்க."

"ஓடற டிரெய்லர்ல ஆள் இருக்கவே கூடாதுங்க ஐயா. அடுப்பு எரியுதா உள்ள?"

"இல்லீங்க, சித்த முன்னாலதான் கெழக்கே திரும்புனோம், அணைக்கச் சொல்லிட்டேன், இனிமேத்தான் பத்த வெக்கச் சொல்லோணும்."

அந்தப் பொண்ணுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு தம்பி. ஓடிப் போயிக் கதவைத் திறந்துச்சு. சம்பூரணம் எறங்கறா, வேர்த்து ஊத்துது, ரவிக்கை எல்லாம் மாவு, கையில கரண்டி, நெத்தியில இடிச்சுக்கிட்டு ஒரு வீக்கம். வளைவுல போனா எங்கயாவது புடிச்சு நிக்கோணும், அவ நிக்கல. அந்தப் பொண்ணு அவளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி ஜீப்புல முன் சீட்டுல உக்கார வெச்சுத் தண்ணி குடுத்துச்சு. ஏசி போட்டு உட்டுச்சு. ரெண்டு பேரும் பேசுனாங்க பேசுனாங்க, அவ்வளவு பேச்சு. நான் வெளிய வெயில்ல நிக்கறேன். "வடக்கா, கெழக்கா"ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, ஒடனே ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சம்பூரணம் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்லீங்க. எனக்குப் பொக்குனு போச்சு.

அப்புறம் வந்து சொல்லுது, ஊட்டைக் கழட்டி இங்கயே அடிவாரத்துல நிறுத்திரோணுமாமா. மேல ஏத்தவே கூடாதாமா. லாரியில அம்மாவை முன்னால உக்கார வெச்சுத் திரும்பிப் போங்கன்னுச்சு. பேட்டரி இருக்குதுன்னேன். பேட்டரிய எறக்குங்கன்னுச்சு. ஃப்ரிட்ஜுல பால் கெட்டுருமுங்களேன்னேன். அந்தப் பொண்ணு சம்பூரணத்தத் திரும்பிப் பாத்துச்சு. அந்நேரம் மலைக்குப் போற பஸ்ஸு வந்து நின்னுச்சு. அவ எந்திரிச்சா. கரண்டிய என்ற கையில குடுத்தா.

"நான் இதுல போறேனுங்க."

"சித்த இரு, பேசிட்டு ஊட்டோட போயிரலாம்."

"ஊடு வர்றப்ப வரட்டும்"னா. முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டு ஏறிட்டா. எங்கயும் ஏறறப்ப என்ற மூஞ்சியப் பாத்துட்டு ஏறறவ, பாக்கவே இல்ல. சொல்லுங்க, ஒரு கவர்மெண்டு ஆபீசர் செய்யற வேலையா இது? வண்டியப் பறிமுதல் பண்ணுவாங்க, கேள்விப்பட்டிருக்கறேன். பொண்டாட்டியப் பறிமுதல் பண்ணி பஸ்ல ஏத்தி உடறதுக்கு எந்தச் சட்டத்துல எடமிருக்குது?

மத்தியானம் வரைக்கும் ஊட்டுக்குப் பக்கத்துலயே நின்னேன். உள்ள பாதி வெந்த இட்லி கெடக்குது. சாப்படலீங்க, எடுத்து வெக்க ஆளில்லாம நான் எப்படிச் சாப்படறது? பத்து தடவை போன் பண்ணுனேன். ஒருக்கா எடுத்தா. பொறகால தட்டு சத்தம், டம்ளர் சத்தம், யாரோ "அம்மாவுக்கு இன்னொரு பூரி"ன்னு கத்தறான்.

"எங்க இருக்கற?"

"ஹோட்டல்ல. சாப்டுட்டிருக்கறேன், வெச்சுருங்க."

தம்பி, என்ற ஊட்டுல மூணு அடுப்பு இருக்குது. அவ ஹோட்டல்ல உக்காந்து கண்டவன் சமைச்சதைத் திங்கறா. அந்த இன்ஸ்பெக்டரம்மா பண்ணுன காரியத்தால என்ற பொண்டாட்டி ஹோட்டல் சோறு திங்கற நெலமைக்கு வந்துட்டா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. மெய்யாத்தான் சொல்றேன்.

அந்தப் பொண்ணோட ஜீப்பு வேற பக்கம் போச்சு. ஊட்டைக் கழட்டி அங்க அனாதையா உட்டுப்போட்டு வர மனசு வருமா? அவ மேல தனியா இருக்கறா. நான் எடுத்துட்டேன். மொத வளைவு திரும்பிருச்சு. ரெண்டாவதும் உரசிக்கிட்டே திரும்பிருச்சு. இங்க வந்து இப்படி. அவ்வளவுதான் கதை. இப்பச் சொல்லுங்க, இதுல என்ற தப்பு எங்க இருக்குது?

சித்த இருங்க. மேல இருந்து பஸ்ஸு வந்து நிக்குது பாருங்க, லாரிக்கு அக்கட்டால. கண்டக்டர் எல்லாரையும் எறக்கி உடறாரு. மலையில இதுதானுங்க வழக்கம். ரோடு அடைபட்டா இந்தப் பக்கத்து சனம் அந்த பஸ்ஸுக்கு நடந்து போயிரும், அந்தப் பக்கத்து சனம் இந்த பஸ்ஸுக்கு நடந்து வந்துரும். ரெண்டு பஸ்ஸும் வந்த வழியே திரும்பிப் போயிரும். நல்ல ஏற்பாடுதான். ஆனா சனம் வர்றதுக்குத்தான் எடமில்ல, ஊட்டுக்கும் பாறைக்கும் நடுவுல ஒடுங்கி ஒடுங்கி வராங்க. என்னைய மொறைச்சுக்கிட்டே வராங்க.

அதா! அதா வாரா பாருங்க, பச்சைச் சேலை. அவதானுங்க சம்பூரணம். அட, தலையில பூ வெச்சிருக்கா. கையில மலைவாழைப்பழம். நல்லவேளை தம்பி, வந்துட்டா, இனி ஒரு கவலையும் இல்ல.

சம்பூரணம்! இங்க வா புள்ள. பாத்தியா, ஊடு வந்துருச்சு. சீக்கிரம் உள்ள போ, இந்தத் தம்பி நொம்ப நேரமா நிக்கறாரு, ஒரு டீ வெச்சுக் குடு. இந்த எடத்துல கூட வடக்கே பாத்துத்தான் நிக்குது.

...எங்க போற?

ஊட்டுக்கா? அப்ப இது என்ன, கோயிலா?

என்ன சொன்னா, கேட்டீங்களா? "எல்லாம் இருக்குது, உக்காரத்தான் எடமில்ல"ங்கறா. எடமில்லையாமா! பத்தடி அகலங்க! ஏம்புள்ள, அப்ப காசிக்கு? காசிக்கு வருவியா மாட்டியா, அதைச் சொல்லிட்டுப் போ.

ரயில்லயா? ரயில்ல எப்படிச் சமைப்ப?

பாத்தீங்களா, போயிட்டே இருக்கறா. ஒரு நாள்ல இவ்வளவு மாறிட்டா. முப்பது வருசம் எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ. நான் என்ன கேட்டேன் தம்பி? கூட வான்னுதான கேட்டேன். வேற எதுக்கு நான் இதைக் கட்டுனேன்? நான் மட்டும் காசிக்குப் போயி என்ன பண்ணப் போறேன், அங்க எனக்கு யாரு இருக்கறா?

ஏறிட்டா. கீழ நிக்குதே, அந்த பஸ்ஸுலதான். ஜன்னல் ஓரத்துல உக்காந்துட்டா, ரெண்டு பேரு உக்கார்ற சீட்டு. அட, என்னங்க இது, பக்கத்து சீட்டுல பைய வெச்சுட்டா. வாழைப்பழத்தையும் அது மேல வெக்கறா. இத்தனை சனம் நின்னுட்டிருக்கறப்ப ஒரு ஆளு இப்படி எடத்தை அடச்சுக்கிட்டு உக்காரலாமுங்களா? நாலு பேரு வந்து போற எடம், கொஞ்சமாவது ரோசனை வேண்டாம்?

ஒரு அம்மா போயிக் கேக்குது பாருங்க. கேட்டுச்சா உங்களுக்கு? "ஆள் வருது"ங்கறா! பொய் சொல்றாளுங்க. இவகூட யாரு வந்தா? தனியாத்தான் போனா, தனியாத்தான் வந்தா. எனக்கு நல்லாத் தெரியும். நேத்து வரைக்கும் பொய்யே சொல்லத் தெரியாது இவளுக்கு.

அடப் பாருங்க, கண்டக்டரே வந்துட்டாரு. யாரும்மா வராங்க, பேரைச் சொல்லுங்க, கூப்படறேங்கறாரு. சொல்ல மாட்டேங்கறா பாருங்க. தலையத் தலைய ஆட்டறா, சிரிக்கறா, பேரை மட்டும் சொல்ல மாட்டேங்கறா. ஒரு ஆளு மெய்யாலுமே வர்றதா இருந்தா பேரைச் சொல்லறதுக்கென்ன? இல்லாத ஆளுக்கு எங்கிருந்து பேரு வரும்?

இந்தப் பக்கமே பாத்துட்டிருக்கறா. இன்னும் கோவம் தீரல போல. விசில் அடிச்சுட்டான். பஸ்ஸு திரும்புது. இப்பவும் அந்தப் பையை எடுக்கல பாருங்க, ஒரு பெரியவரு நின்னுட்டே வராரு. யாருக்காகத்தான் இப்படிப் புடிச்சு வெச்சிருக்கறாளோ!

என்னங்க தம்பி? லாரிச் சாவி உங்களுக்கு எதுக்கு? அட, கிரேன்காரன்கிட்ட நானே குடுத்துக்கறேனுங்க. இருங்க, இருங்க. நீங்க ஏனுங்க இப்ப என்னைய பஸ்ஸுப் பக்கமாப் புடிச்சுத் தள்ளறீங்க?